மாற்றாத பிரேக் ஆயில்

ஆபீஸ் நண்பர்கள் நாங்கள் நாலு பேர். நாலு பேர் காரும் அனகாபுத்தூரில் ஒரே மெக்கானிக்கிடம்தான் போகும். குறுகலான சந்தில் சின்ன ஷெட். மனுஷர் கை வைத்தால் வேலை சுத்தமாக இருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டிப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைத்தது. அகலமான அலாய் வீலும் உறுமுகிற சைலன்சரும் போடச் சொல்லி என் காரை அவரிடம் விட்டேன். அவர் பானெட்டைத் தூக்கி பிரேக் ஆயில் டப்பாவைக் காட்டினார்.

"கறுத்துப் போய் கீது சார். ட்ராக்ல சூடு ஏறினா இது கொதிச்சிடும், பெடல் உள்ள போயிடும். மொதல்ல இத்த மாத்திடலாம். வீலு அப்பால பாத்துக்கலாம்."

"டைம் இல்லண்ணா. அடுத்த சர்வீஸ்ல மாத்திக்கலாம்."

நேரம் இருந்தது. புது ஆயில் போட்டால் யார் கண்ணுக்குத் தெரியும்? அலாய் வீல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ட்ராக்கில் மூன்றாவது சுற்றில் பிரேக் பெடல் மெத்தென்று ஆனது. வெளியே வந்திருக்க வேண்டும். நண்பர்கள் வேலியோரம் நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அதனால் நான் வெளியே வரவில்லை. அடுத்த வளைவில் மிதித்தபோது பெடல் தரைவரை போனது. கார் மணலைத் தாண்டி டயர் அடுக்கில் மோதி நின்றது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ட்ராக் அதிகாரி ஓடிவந்தார். "பிரேக் ஆயில் எப்ப மாத்தினீங்க?"

நண்பர்களும் வந்துவிட்டிருந்தார்கள். "போன வாரம்தான் சார். மெக்கானிக் மாத்தினாரு" என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

"அப்போ மாத்தும்போது பிரேக் லைன்ல காத்து நின்னிருக்கும். உங்க ஆளு ஒழுங்கா வேலை செய்யல."

நான் தலையாட்டினேன். பொய்யைவிட அந்தத் தலையாட்டல்தான் இன்றும் உறுத்துகிறது.

நண்பர்கள் மூவரும் வேறு ஷெட்டுக்கு மாறிவிட்டார்கள். நானும்தான், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல்.

இரண்டு மாதம் கழித்து தாம்பரம் மார்க்கெட்டில் மெக்கானிக் தன் மனைவியோடு எதிரே வந்தார்.

"உங்க ஃப்ரெண்டு போன் பண்ணி கண்டபடி திட்டினாரு சார். நான் தொடாத பிரேக்குக்கு. நீங்களா சார் அப்டி சொன்னீங்க?"

அவர் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணா."

அவர் திரும்பி நடந்துவிட்டார்.

அன்றே மூவருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னேன். ஒருவன் சிரித்தான். ஒருவன் பேச்சை மாற்றினான். திட்டியவன் மட்டும் மறுநாளே அனகாபுத்தூர் போய் மன்னிப்புக் கேட்டு, தன் காரையும் அங்கே விட்டுவந்தான்.

அடுத்த வாரம் நானும் போனேன். மன்னிப்புக் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"பரவால்ல சார். ஆனா உங்க வண்டிய மட்டும் வேற எடத்துல காட்டிக்கோங்க" என்றார்.