அப்பாவின் ஒற்றை மணி

ஊரில் இருக்கும் உங்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். தெலுங்கு பேசும் மெட்டுகுடாவுக்குக் குடிவந்த இந்தப் பன்னிரண்டு வருடங்களில் 'பிக்கப்' இல்லாமல் எனக்கு ஒரு நாளும் போனதில்லை. மகளைக் கூட்டிவரப் பள்ளிக்குப் போனால் காவலாளி "பிக்கப்பா மேடம்?" என்கிறார். ஸ்கூட்டரை முறுக்கிப் பார்த்த மெக்கானிக் "பிக்கப் லேது" என்று உதட்டைப் பிதுக்குகிறார், வண்டி இழுக்கவில்லையாம். தெலுங்கை நன்றாகப் பிக்கப் செய்துவிட்டேன் என்று பக்கத்து வீட்டம்மா பாராட்டுகிறார். உண்மையில் காய்கறிக் கடையைத் தாண்டினால் என் தெலுங்கு நொண்டும்.

எங்கள் வீட்டில் பிக்கப் செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் அப்பா செய்த ஏற்பாடு அது. கோவில்பட்டியிலிருந்து காலை எட்டு மணிக்கு ஃபோனில் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். நலம் என்று பொருள். நான் எடுக்காமல், பதிலுக்கு ஒரு மணி விடுவேன். ஃபோனில் பேசக் காசே ஆகாது என்றான பிறகும் அதை விட எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை. அம்மா போனதிலிருந்து அந்த மணியைக் கேட்டால்தான் எனக்குக் காப்பி இறங்கும். ஞாயிறுதோறும் நான் அழைத்து, "இங்க வந்து எங்ககூட இருங்கப்பா" என்பேன். "பாப்போம்மா" என்பதோடு சரி.

போன மாதம் ஒரு காலையில் மணி நிற்காமல் அடித்தது. அப்பா வைக்க மறந்துவிட்டார் என்று சிரித்துக்கொண்டே மகளுக்குத் தலை பின்னினேன்.

"மம்மி, தாதய்யா ஃபோன். பிக்கப் செய்யி" என்றாள் அவள். தாத்தா அவளுக்குத் தாதய்யாதான்.

"நக்கோ, வேணாம், அத எடுக்கக் கூடாதுடி" என்றேன். அடித்து ஓய்ந்ததும் வழக்கம்போல் பதில் மணி விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பேசியபோதுதான் தெரிந்தது. அன்று அவர் ரயில் நிலையத்தில், முன்பதிவு வரிசையில் நின்றிருக்கிறார்.

"எந்தத் தேதி ஒங்களுக்குத் தோதுப்படும்னு கேக்கத்தாம்மா அடிச்சேன். நீ எடுக்கல. வேலையா இருப்பேன்னு வீட்டுக்கு வந்துட்டேன்."

"இப்பவே நான் டிக்கெட் போடுறேம்ப்பா."

"இருக்கட்டும்மா. அன்னைக்கு என்னமோ கெளம்பணும்னு தோணுச்சு. இப்பத் தோணல."

அவர் குரலில் வருத்தம்கூட இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

இப்போதெல்லாம் எட்டு மணிக்கு ஒரு கையில் மகளின் பின்னல், மறு கையில் ஃபோன். மணி அடிக்கிறது. என் விரல் போவதற்குள் நின்றுவிடுகிறது. அப்பா நலம். வாசலில் பள்ளி ஆட்டோ ஹாரன் அடிக்கிறது. பாதிப் பின்னலைப் பிடித்தபடி, இன்னொரு மணி அடிக்குமா என்று நிற்கிறேன்.