படகு தராத தபீத்தா

அடுத்த அறையில் ரேடியோ இரைந்துகொண்டிருந்தது. சட்டியில் மீன் பொரிவது போன்ற அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை உண்டு. தேங்காய் துருவும்போது என் காதுக்கு அது ஒரு சத்தமாகவே படுவதில்லை. அன்று உச்சிப்பொழுதில் அது தேய்ந்தது, இன்னும் தேய்ந்தது, பிறகு நின்றேவிட்டது. நின்ற பிறகுதான் எனக்குக் கேட்டது.

"அண்ணி, பேட்டரி போச்சா?" என்றேன்.

துருவலை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன்.

அண்ணி தபீத்தா ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதிரில் எங்கள் ஊர்க் கிராத்தா, முகத்தில் ரத்தமே இல்லாமல். அவன் மனைவி மேரேவுக்கு விடியற்காலையிலிருந்து வயிற்றின் வலப்பக்கம் வலி. குடல்வால் அழற்சி, கத்தி வைக்காமல் தீராது என்று எங்கள் தீவின் நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். கத்தி வைக்கத் தெரிந்த டாக்டர் இருந்த கப்பல் முந்தாநாள்தான் எங்கள் அரோராய் தீவை விட்டுப் போயிருந்தது. இப்போது வடக்கே, ஒரு பகலும் ஓர் இரவும் போகவேண்டிய தூரத்தில், வேறொரு தீவில் நங்கூரம் போட்டிருந்தது. பொழுது சாய்ந்ததும் அங்கிருந்தும் கிளம்பிவிடும். தலைநகர் தராவா வழியாக அதற்குச் செய்தி சொல்ல அண்ணி வாயெடுத்த நேரத்தில்தான் ரேடியோ ஊமையானது.

தபீத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் பேசியே அடி வாங்கியவள் அவள். "இந்த வாய்க்குச் சம்பளம் கொடுக்க ஒரு அரசாங்கம் பிறந்து வரணும்" என்று அவளுடைய அப்பாவே சொல்வாராம். அப்படியே நடந்தது. தராவாவில் ரேடியோப் பயிற்சி முடித்து அரசாங்க ரேடியோவோடு திரும்பினாள். என் அண்ணன் நக்கிபாய் அவளைக் கட்டியபோது, கதவு வைத்த ஒரே அறையாக அந்த ரேடியோ அறை எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டது. அயல்நாட்டுக் கப்பல்களில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சேதி, சர்க்கரை எப்போது வரும் என்ற சேதி, சாவுச் சேதி எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. சாவைச் சொல்லிவிட்டு அவளும் கூட உட்கார்ந்து அழுவாள். அவளுக்கென்று பிள்ளை இல்லை.

அண்ணன் பேட்டரியைத் தட்டிப் பார்த்தான், கம்பத்தில் ஏறிக் கம்பியைப் பார்த்தான். "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று இறங்கினான்.

"இருக்கும்" என்றாள் அண்ணி. பொத்தானை அழுத்திக் காட்டினாள். கருவியின் முள் வழக்கம்போல ஏறியது. "நாம அனுப்புறது போகுது. மேல வானத்துலதான் கோளாறு. சூரியன்ல ஏதோ வெடிச்சிருக்கு."

"வெயிலு மேல பழி போடறியாக்கா?" என்றான் கிராத்தா. "அங்க ஒருத்தி துடிச்சுக்கிட்டு இருக்கா."

"கேளு தம்பி. நம்ம ஊர்க்கூட்ட மண்டபத்துல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இடம் இருக்குல்ல? மேல காத்துல இருக்கிற அணுவுக்குள்ள மின்துகளுக்கும் அப்படித்தான். வெயில் கடுமையா அடிச்சா அதுங்கள இடத்த விட்டுப் பிடுங்கிடும். மண்டபத்த விட்டு யாரும் வெளிய போகல. பிடுங்கினது எதிர்மின், பறிகொடுத்தது நேர்மின், ரெண்டும் அளவுக்கு அளவு சரியாயிருக்கும். கூட்டிப் பாத்தா ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கும். அதான் நம்ம மேல ஒரு முடிகூட சிலிர்க்கல. ஆனா உள்ள அத்தனையும் பிரிஞ்சு அலையுது. உயரத்துல அலையற கூட்டம் நம்ம குரலத் திருப்பி அனுப்பும். இன்னிக்கு அதுக்குக் கீழயும் ஒரு கூட்டம் சேர்ந்திருக்கு. அது குரல முழுங்குது."

"எப்ப விடும்?"

"ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டேதான் இருக்கும். வெயில் கை விட்டதும் சேர்ந்துக்கும். பொழுது சாயறதுக்குள்ள விட்டுடும்."

"எப்பன்னு கேட்டேன்."

"தெரியல" என்றாள் அண்ணி.

கிராத்தா எழுந்து நின்றான். ஜன்னலுக்கு வெளியே ஊராரும் உறவுக்காரர்களும் கூடிவிட்டார்கள். அத்தனை பேர் முன்னால் அவன் சொன்னான்: "புபூசி. உங்க படகும், இருக்கிற பெட்ரோலும். நான் மேரேவ ஏத்திக்கிட்டுக் கப்பலத் தேடிப் போறேன்."

எங்கள் மண்ணில் ஒருவர் வாய்விட்டுப் புபூசி என்று கேட்டுவிட்டால், கேட்டது இடுப்புத்துணியானாலும் வளர்த்த பன்றியானாலும் கொடுத்தே ஆகவேண்டும். மறுத்தவர் மண்டபத்தில் தலை நிமிர முடியாது. மறுக்கப்பட்டவருக்கோ அதைவிடப் பெரிய அவமானம். அண்ணன் பெட்ரோல் டப்பாவைத் தூக்கியேவிட்டான்.

"கீழ வையுங்க" என்றாள் அண்ணி. பிறகு கிராத்தாவைப் பார்த்து, "தர மாட்டேன்" என்றாள்.

அண்ணன் டப்பாவைத் தரையில் வைத்தான்.

"மேற்குக் காத்து அடிக்கிற மாசம். பாதி வழியில பெட்ரோல் தீர்ந்துடும். உன்னையும் அவளையும் கடல்ல தேடச் சொல்லி நான்தான் ரேடியோவுல கத்தணும்."

"தெரியலன்னு சொல்ற அதே வாய்தான் படகில்லன்னும் சொல்லுது" என்றான் கிராத்தா. "அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, பிள்ளை பெறாதவ கையாலதான் அவ போனான்னு சொல்லுவேன்."

அண்ணியின் கண்கள் நிறைந்தன. ஆனாலும் ஒலிவாங்கி அவள் கையை விட்டு இறங்கவில்லை. "சொல்லு" என்றாள். "அவ பிழைச்ச பிறகு சொல்லு."

பிறகு கூப்பிட ஆரம்பித்தாள். "தராவா, தராவா, அரோராய் பேசுது." பதிலே வராத வானத்தைப் பார்த்து ஒருத்தி இப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. குரல் கம்மியது. ஊருக்கெல்லாம் சேதி சொன்ன அந்த வாய், தனக்கு ஒரே ஒரு சேதி வரவேண்டும் என்று தவித்தது. வெளியே பெண்கள் முணுமுணுப்பது அவளுக்கும் கேட்டிருக்கும். கிராத்தா சுவரில் நெற்றியை வைத்து நின்றான். ஜன்னல் வெளிச்சம் நகர்ந்து நகர்ந்து அவன் காலடிக்கு வந்தது.

அப்போது எங்கோ தொலைவில் ஒரு மீன் பொரிந்தது.

இன்னொன்று. பிறகு சட்டி நிறைய. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து, கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு மனிதக் குரல்: "அரோராய், எங்க போயிட்டீங்க? மதியத்திலிருந்து கூப்பிடறேன்."

அண்ணி அழுதுகொண்டே பேசினாள், ஆனால் ஒரு சொல்லும் பிசகவில்லை. கப்பல் அப்போதுதான் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டிருந்ததாம். வடக்கே போகவேண்டியது தெற்கே திரும்பியது. அது வரும்வரை டாக்டர் ரேடியோவில் சொன்னபடி நர்ஸ் ஊசி போட்டாள். மறுநாள் அந்தியில், ஆடும் கப்பலிலேயே மேரேவுக்குக் கத்தி வைத்தார்கள்; பிழைத்துக்கொண்டாள். படகில் போயிருந்தால் கப்பல் இங்கே வந்தபோது அவள் நடுக்கடலில் கிடந்திருப்பாள்.

அதற்குப் பிறகு கிராத்தா எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. நன்றி இல்லாமல் அல்ல. ஊர் முன்னால் மறுக்கப்பட்டவன் எந்த முகத்தோடு வருவான்? அண்ணியும் போகவில்லை. புபூசியை மறுத்தவள் என்ற பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. மண்டபத்தில் எங்கள் குடும்பத்து இடத்தில் எல்லோருக்கும் பின்னால் போய் உட்கார்ந்தாள். வாயாடி தபீத்தா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

அடுத்த மேற்குக் காற்றுக் காலத்தில் ஒருநாள் அவன் வந்தான். ஒரு கையில் ஒரு போத்தல் கள்ளுப்பாகு, கக்கத்தில் சுருட்டிய பாய். ரேடியோ அறைக்குள் போய் நின்றான். அவர்களுக்கிடையில் ரேடியோ இரைச்சல்.

"புபூசி" என்றான்.

அண்ணி நிமிர்ந்தாள். "மறுபடியும் படகுன்னா இப்பவே போயிடு."

"படகு இல்ல. இத வாங்கிக்கணும். இந்தத் தடவையும் மாட்டேன்னு சொன்னா நான் எங்கக்கா போவேன்?"

அண்ணி பாயை விரித்தாள். மேரேவின் கை நெய்தது.

"இல்லன்னு சொன்னதுக்கு நன்றின்னு சொல்லச் சொன்னா மேரே" என்றான். "அன்னிக்கு உன்ன அந்த வார்த்தை சொன்ன வாய உப்பு வெச்சுக் கழுவிட்டு வரவும் சொன்னா. கழுவிட்டேன்."

"பாகு கருகின வாசனை வருது" என்றாள் அண்ணி, புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி. "நீயா காய்ச்சின?"

"நான்தான். குறை சொல்லாம உன்னால வாங்க முடியாதே."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷமாகியிருந்தது. அடுப்பங்கரையில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிரித்த வெயிலுக்கும், சேர்த்துவைத்த வானத்துக்கும் கூடச் சேர்த்தே சொன்னேன்.

ரேடியோ "அரோராய், அரோராய்" என்றது. அண்ணி விரலை உதட்டில் வைத்தாள். கிராத்தா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். காற்றில் அடித்துக்கொள்ளாமல், சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனான்.