நான் உப்பாக்கிய கிணறு

நல்லது செய்யப் போன இடத்தில் ஒரு குடும்பத்தின் குடிதண்ணீரைக் கெடுத்தவள் நான். அதை மறைத்துவிட்டு, ஆண்டவர் எனக்குச் செய்ததை மட்டும் உங்கள் முன் சொன்னால் அது சாட்சி ஆகாது.

நாகர்கோவிலில் சிவில் இன்ஜினியரிங் முடித்திருந்த நேரம். சுனாமி வந்த அடுத்த மாதமே ஒரு தொண்டு நிறுவனத்தோடு மட்டக்களப்புக்குக் கிளம்பினேன். "நம்ம கடற்கரையே அழிஞ்சு கெடக்கு. நீ எதுக்குப் பிள்ளே கடல் தாண்டிப் போற?" என்று அப்பா கேட்டார். ஆண்டவர் அழைக்கிறார் என்றேன். உண்மையைச் சொன்னால், வெளிநாடு போகிற ஆசையும் இருந்தது.

கடலுக்கும், வாவி என்று அங்கே சொல்லும் உப்பங்கழிக்கும் நடுவே ஒரு மணல் துண்டு. அங்கேதான் என் வேலை. கடல் ஏறிப் போனதில் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. மோட்டார் வைத்து இறைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மலர் என்கிற பெண்ணின் வீட்டுக் கிணறு எனக்கு வந்தது. அலையில் தாயைப் பறிகொடுத்தவள் அவள். அவள் புருஷன் சிவா வாவியில் மீன் பிடிக்கிறவர்.

மோட்டாரைப் பார்த்ததுமே மலர் சொன்னாள்: "மிஸ், எங்கட கிணத்த ஒரே மூச்சில இறைக்கிறல்ல. வாளியால கொஞ்சம் கொஞ்சமா அள்ளுவம். அடிச்சு இறைச்சா கீழ இரிக்கிற உப்பு மேல வந்திரும்."

படித்தவள் நான். சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டேன். மூன்று நாள் அடிமட்டம் வரை இறைத்தேன். ஜெபம் பண்ணித்தான் இறைத்தேன், அதுதான் வேடிக்கை. நாலாம் நாள் தண்ணீர் முன்பைவிட உப்புக் கரித்தது. மேலே மிதந்த கொஞ்ச நல்ல தண்ணீரையும் நான் எடுத்துக் கொட்டியிருக்கிறேன். மறு வாரம், இனி யாரும் மோட்டார் போட வேண்டாம் என்று எல்லா நிறுவனங்களுக்கும் அதிகாரிகள் அறிவித்தார்கள். மலர் சொன்ன அதே காரணம்தான்.

சிவா முற்றத்தில் நின்று ஒரே முடிவாகச் சொன்னார்: "மாரி வரைக்கும் பாப்பம். தண்ணி நல்லா வராட்டி படுவான்கரைக்குப் போவம். பழுகாமத்தில அக்காவுக்கு வீடு வளவு இரிக்கி." தாயைப் புதைத்த மண்ணை விட்டு வாவிக்கு அந்தப் பக்கம் போக மலருக்கு மனமில்லை என்பது எனக்குத் தெரியும்.

அன்று கிணற்றுக் கட்டில் உட்கார்ந்து அழுதேன். "ஆண்டவரே, நான் கெடுத்ததைச் சரிசெய்ய எனக்குத் தெரியாது" என்றேன். எனக்குத் தெரியாது என்று அதுவரை ஒரு ஜெபத்திலும் நான் சொன்னதில்லை. எழுந்து போய் மலரிடம் மன்னிப்புக் கேட்டேன். "ஓம், சரி" என்றாள். அவ்வளவுதான்.

அதன் பிறகு தினமும் பவுசர் என்கிற தண்ணீர் லாரி வரும் சந்தியிலிருந்து அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தேன். கிணற்றைத் தொடவில்லை. சித்திரை போனது, ஆடி போனது, ஒரு சொட்டு மழை இல்லை. மலர் கண்ணகி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். நான் என் ஆண்டவரிடம் கெஞ்சினேன். புரட்டாசியும் வெறும் வெயிலாகப் போனபோது, சிவா சாமான்களைக் கட்டத் தொடங்கினார். என் நம்பிக்கை அன்று செத்தே போனது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை! கார்த்திகை வரை விட்டு விட்டுக் கொட்டியது. நான் ஊர் திரும்ப நாலு நாள் இருக்கும்போது மலர் கூப்பிட்டு அனுப்பினாள். கையில் ஒரு பிளேன்ரீ கொடுத்தாள். சீனியை, அங்கத்து வழக்கப்படி, உள்ளங்கையில் தனியாக வைத்தாள். சீனியை நக்கிக்கொண்டு வெறும் தேநீரைக் குடிக்க வேண்டும். தண்ணீரில் உப்பிருந்தால் அதில் ஒளிக்க முடியாது.

குடித்தேன். உப்பே இல்லை.

"எங்கட கிணத்துத் தண்ணிதான் தங்கச்சி. குடி" என்றாள். மிஸ் என்று கூப்பிடவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். சிவா கட்டின சாமான்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

யுத்தம் முடிந்த பிறகு ஒருமுறை போயிருந்தேன். இடையில் படுவான்கரையில் சண்டை மூண்டு, சனம் எல்லாம் உடுத்த துணியோடு வாவியைத் தாண்டி ஓடி வந்ததாம். சிவாவின் அக்கா குடும்பமும் பழுகாமத்திலிருந்து இங்கேதான் வந்தது. "பதினாலு பேர், மாசக்கணக்கில இந்தக் கிணத்துத் தண்ணிதான் குடிச்ச. ஒரு நாளும் குறையல்ல" என்றாள் மலர். ஒரு கிணற்றுக்காக மட்டும் கேட்டவள் நான். ஆண்டவரோ வரப்போகிறவர்களையும் எண்ணியிருந்தார்.

இன்றும் நீர்த் திட்டங்களில்தான் வேலை செய்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும், அங்கே தண்ணீர் அள்ளுகிற பெண்ணிடம் கேட்காமல் எதையும் தொடுவதில்லை. அன்பானவர்களே, நீங்களும் ஏதோ ஒன்றைக் கெடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருக்கலாம். கெடுத்தது நான்தான் என்று அவரிடமும், பாதிக்கப்பட்டவரிடமும் சொல்லுங்கள். பிறகு பயப்படாமல் தண்ணீர் சுமந்துகொண்டே இருங்கள். மழை அவர் பொறுப்பு.