இடது கை பின்னாலே

மூன்று வருடத்துக்கு முன்பு, ஓணம் முடிந்த வாரத்தில் ஒரு பிற்பகல், குழித்துறை ஆற்றுப் பாலத்துக்குச் சற்று இப்பால் உள்ள பேருந்து நிறுத்தத்தில் ஒரு இளைஞன் என்னைக் கீழே தள்ளினான். அப்போது எனக்கு வயது அறுபத்தொன்பது.

கணக்கு வாத்தியாராக முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கண்ணில் படுகிற தவறைச் சுட்டிக்காட்டாமல் போக என்னால் முடியாது. அவன் பைக்கை நிறுத்தத்துக்குள் குறுக்காக வைத்துவிட்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். ஓரமாக எடுத்து விடும்படி சொன்னேன். சொன்ன தோரணை வகுப்பறைத் தோரணையாக இருந்திருக்க வேண்டும். அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். மல்லாக்க விழுந்தேன். கண்ணாடி எங்கோ தெறித்தது. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் என்னைத் தூக்கி உட்கார வைத்து, "பெரியவரே, உமக்கு இது தேவையா? பஸ்ஸுக்கு வந்தா பஸ்ஸப் பாத்துட்டு நிக்கப்பிடாதா?" என்று என்னையே கடிந்துகொண்டாள். தள்ளியவன் போய்விட்டான்.

எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்குள் அமைதி போயிற்று. எங்கள் பக்கத்தில் வெப்ராளம் என்பார்கள். நெஞ்சுக்குள் ஏதோ வெந்துகொண்டே கிடக்கும், இருக்கவும் விடாது, நிற்கவும் விடாது. செய்தித்தாளில் ஒரே பத்தியை நாலு தடவை படிப்பேன். வீட்டுக்குள் வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடப்பேன். நடக்கும்போது அவனைத் திருப்பி அடிப்பேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாதிரி அடிப்பேன். கை தானாக வீசும். ஒரு நாள் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன். என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யாரைப் போட்டு இந்த அடி அடிக்கிய?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் நான் எங்கள் பக்கத்துச் சண்டைக்கலையான அடிமுறை படிக்கச் சேர்ந்தேன்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஒரு களரி இருக்கிறது. தகரக் கூரை, மண் தரை, சுற்றிலும் ரப்பர் மரம். ஆசானுக்கு ஐம்பது வயது இருக்கும். காலையில் ரப்பர் பால் வெட்டப் போவார். மாலை ஐந்து மணிக்கு வகுப்பு. என்னைப் பார்த்ததும் மகனையோ பேரனையோ சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்தார். நான்தான் படிக்க வேண்டும் என்றதும், "சாரே, பிரஷர் உண்டா? முட்டு வலி உண்டா?" என்று கேட்டார். இரண்டும் உண்டு என்றேன். "அப்பம் பைய பைய படிப்போம்" என்றார்.

வகுப்பில் பதினைந்து பேர். பாதிப் பேர் நர்சிங் படிக்கும் பெண்கள். எனக்குக் காலை விரித்துத் தாழ்ந்து நிற்பதற்கே ஒரு மாதம் ஆயிற்று. தாழ்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் தலை சுற்றியது. அந்தப் பெண்கள் சிரித்துக்கொண்டே என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள். நாலாவது மாதம் என் கையில் குறுவடி கொடுத்தார் ஆசான். அது மூன்று சாண் நீளக் கம்பு. ஒருவர் தலைக்கு மேலே ஓங்கி வெட்ட வேண்டும். எதிரில் நிற்பவர் இடது முழங்கையை உயர்த்தி, வருகிற கையை மணிக்கட்டில் தடுக்க வேண்டும். இடது கைதான் காவல், அது ஒரு கணம் பிந்தினால் மண்டை போகும் என்று ஆசான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

உயரம் ஒத்துவருகிறது என்று எனக்கு ஒருவரை ஜோடி சேர்த்தார். நாற்பத்து மூன்று வயதுக்காரர். கல்ஃபில் பல வருடம் இருந்துவிட்டு வந்து, இப்போது சாலைமுக்கில் மோட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தார். அதிகம் பேச மாட்டார். என்னை எல்லாரும் அழைப்பதுபோல் "சாரே" என்றுதான் அழைப்பார்.

மற்ற யாரோடு நின்றாலும் அவர் நன்றாகத் தடுத்தார். என்னோடு நிற்கும்போது மட்டும் தடுக்கவில்லை. நான் கம்பை ஓங்கியதும் அவருடைய இடது கை முதுகுக்குப் பின்னால் போய்விடும். தோளைக் குறுக்கி, கண்ணை மூடி நிற்பார். என் கம்பு தோளில் விழும்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அந்த முதல் வாரம் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. என் அடி விழுகிறது! என்னைவிட இருபத்தாறு வயது இளையவர் மேல் விழுகிறது! அவர் முகத்தில் நான் அந்தப் பைக்குக்காரனைத்தான் பார்த்தேன். ஓங்கியபோது கொஞ்சம் பலமாகவே ஓங்கினேன். வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். "இண்ணு முகம் தெளிஞ்சிருக்கே" என்று மனைவி சொன்னாள்.

ஆசானுக்குப் பொறுமை போயிற்று. "மக்கா, கை எங்க? கையக் கொண்டா முன்னால!" என்று கத்துவார். என் ஜோடிக்காரர் தலையாட்டுவார். மறுபடி நான் ஓங்குவேன், மறுபடி கை பின்னால் போகும். ஒரு மாலை எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நர்சிங் படிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி வேடிக்கையாக, "அண்ணே, பின்னால என்னத்த ஒளிச்சு வச்சிருக்கிய, முட்டாயா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்துக்கொண்டே அவரைப் பார்த்தவனுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. முகத்தை நான் அடையாளம் காணவில்லை. அந்த நிற்பு எனக்குத் தெரியும். அது நான் வகுப்பில் போட்ட கட்டளை.

இடது கையால் எழுதும் பிள்ளைகளை நான் விட மாட்டேன். "இடது கை பின்னாலே" என்பேன். பாடவேளை முடியும்வரை அந்தக் கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். மறந்துபோய் முன்னால் வந்தால் அளவுகோலின் விளிம்பு விரல் முட்டில் விழும். பிரம்பை ஓங்கினால் போதும், பிள்ளைகள் தாங்களாகவே கையைப் பின்னால் கொண்டுபோவார்கள். எத்தனையோ பெற்றோர் இதற்காக என்னிடம் வந்து நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்ல முடியாது. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு அது ஒரு பாடமாகவே இருந்தது. இடது கைப் பழக்கம் பிறவியிலேயே வருவது, அதைக் கட்டாயப்படுத்தி மாற்றக் கூடாது. பரீட்சையில் இந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். எழுதியது பரீட்சைக்கு, வகுப்புக்கு வந்ததும் பிரம்பை எடுத்தேன்.

அன்று ஆசான் அவரிடம், "எத்தன நாளா சொல்லுகேன். உனக்கு மனசில்லைன்னா எதுக்கு மினக்கெட்டு வாற? வீட்டுக்குப் போ, கேக்கணும்னு தோணும்போ வா" என்றார். எனக்குக் காரணம் தெரியும். ஒரு வாக்கியம் போதும். ஆனால் பதினைந்து பேர் முன்னால், அதுவும் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடும் அந்தப் பிள்ளைகள் முன்னால், அந்த வாக்கியம் வாயில் வரவில்லை. அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஆசானைக் கும்பிட்டு, என்னையும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

எனக்கு வெப்ராளம் திரும்பி வந்தது. இப்போது அதில் அந்தப் பைக்குக்காரன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு வகுப்பாக நினைவில் நடந்துபார்த்தேன். வரிசை வரிசையாகப் பெஞ்சுகள் தெரிந்தன. பின்னால் போன கைகள் தெரிந்தன. ஒரு முகம் தெரியவில்லை, ஒரு பெயர் வரவில்லை. பத்தாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "அந்தக் காலத்துலயே சொன்னேன், பிள்ளைகளப் போட்டு அடிக்காதீங்கண்ணு. எங்க கேட்டிய?" என்றாள். பிறகு, "எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவருகிட்டப் போங்க" என்றாள்.

போனேன். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கடையைப் பார்த்தேன். அவர் ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்து வைத்துச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். இடது கையால். அவ்வளவு வேகத்தை, அவ்வளவு ஒழுங்கை அந்தக் கையில் நான் எதிர்பார்க்கவில்லை. கம்பி தானாகப் போய் இழையிழையாகப் படிவதுபோல் இருந்தது. சாலையைக் கடந்து கடை வாசலில் போய் நின்றேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்த அதே கணத்தில் கம்பி வலது கைக்கு மாறியது. இடது கை பின்னால் போயிற்று. சுற்றிய கம்பி பாதி அவிழ்ந்தது.

அவர் அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"எந்த வகுப்பு?" என்று கேட்டேன்.

"ஏழு பி, சாரே." கொஞ்சம் சிரித்தார். "வந்த அண்ணைக்கே எனக்குத் தெரிஞ்சுது, நீங்கதான்னு. உங்களுக்கு ஓர்மை இருக்காது."

நான் அடித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாச் சார்மாரும் அடித்தார்கள், அடி வலித்தது, போயிற்று என்றார். "அந்தக் கை போறதுதான் சாரே. நான் வேணும்னு கொண்டு போறதில்ல. யாராவது கையை ஓங்கினா தானாப் போவும்." கல்ஃபில் ஒரு ஃபோர்மேன் ஏதோ கோபத்தில் கையை ஓங்கியிருக்கிறான். இவர் முப்பத்தைந்து வயதில், கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் பார்க்க, கையைப் பின்னால் வைத்துக் கண்ணை மூடி நின்றிருக்கிறார். அதன்பின் அங்கே இருந்தவரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். இந்த ஒன்றைத் தீர்த்துக்கொள்ளத்தான் ஊருக்கு வந்ததும் களரியில் சேர்ந்திருக்கிறார். ஓரளவு தீர்ந்தும் இருந்தது. அப்போதுதான் நான் போய் எதிரில் நின்றிருக்கிறேன்.

"எனக்க மவளுக்கும் இடது கைதான்" என்றார். "அவ எழுதும்போ நான் பக்கத்துல இருந்து பாத்துட்டே இருப்பேன்."

திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டேன். அவர் அவிழ்ந்த கம்பியை நீவிக்கொண்டே யோசித்தார். "ஆசான்கிட்ட நீங்க சொல்லணும் சாரே. நான் சொன்னா, படிப்பிச்ச சார்மேல பழி போட்டேன்னு ஆவும்" என்றார். பிறகு எனக்குச் சாயா வாங்க எழுந்து போனார்.

மறுநாள் மாலை வகுப்பு தொடங்கும் முன் எல்லாரையும் நிற்கச் சொல்லி நான் பேசினேன். எத்தனையோ ஆண்டு விழாக்களில் பேசியவன். அன்று நாலு வாக்கியத்துக்கே நாக்கு ஒட்டிக்கொண்டது. என்ன கட்டளை, எந்த விளிம்பால் அடிப்பேன், காரணம் தெரிந்தும் அன்றைக்கு வாய் திறக்காமல் நின்றது, எல்லாம் சொன்னேன். முட்டாய் என்று கேட்ட பிள்ளை அழுதுவிட்டாள். அவர் களரி ஓரத்தில், ஒரு ரப்பர் மரத்தில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆசான் குறுவடியை எடுத்து அவரிடம் கொடுத்தார்.

"இடது கையில பிடி மக்கா. சாரே, நீங்க தடுங்க."

அவர் ஓங்கினார். கம்பு மேலேயே நின்றது; இறங்கவில்லை. "வெட்டு" என்றார் ஆசான். இறங்கவில்லை. "சார் பாத்துக்கிடுவாரு, வெட்டு." மூன்றாம் தடவை இறங்கியது. நான் பிந்திவிட்டேன். முழங்கையில் விழுந்தது, கண்ணில் பொறி பறந்தது. "ஐயோ, பட்டுட்டா சாரே?" என்று கம்பைக் கீழே போட்டார். இன்னொரு தடவை என்று நான்தான் கேட்டேன். அன்று இருபது தடவையாவது வெட்டியிருப்பார். ஏழெட்டை என்னால் தடுக்க முடிந்தது.

அத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மறுவாரம் நான் ஓங்கியபோது அவர் கை மறுபடி பின்னால்தான் போனது. பாதி வழியில் நின்று, திரும்பி முன்னால் வர இரண்டு மாதம் பிடித்தது. இப்போது பெரும்பாலும் தடுத்துவிடுகிறார். சில நாட்கள் தடுப்பதில்லை. அந்த நாட்களில் நான் கம்பை இறக்காமல் காத்திருப்பேன். இப்போதும் நாங்கள்தான் ஜோடி. மன்னித்தேன் என்று அவர் இதுவரை சொல்லவில்லை, நானும் பிறகு கேட்கவில்லை.

எனக்கு எழுபத்திரண்டு ஆகிவிட்டது. ஒருவன் சட்டையைப் பிடித்தால் விடுவித்துக்கொள்ள இப்போது தெரியும். ஆனாலும் வெப்ராளம் முழுக்கப் போகவில்லை. போக வேண்டும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. தக்கலையிலோ மார்த்தாண்டத்திலோ பேருந்தில் ஏறும்போது நடுவயதுக்காரர் யாராவது எழுந்து இடம் கொடுத்து, "சாரே, என்னைத் தெரியுதா?" என்று சிரித்தபடி கேட்பார், முன்பெல்லாம் பெருமையோடு அவர் முகத்தைப் பார்ப்பேன், இப்போது பயத்தோடு அவர் இடது கை எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கிறேன்.