வாசற்படியில் வைத்த பெட்டி

அண்ணி முன்னால் நடந்தார். நான் அவருடைய பெட்டியை இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். மண்ணிறப் பெட்டி. அதில் ஒரு சக்கரம் ஏற்கெனவே போயிருந்ததால், நடைபாதைக் கற்களின் இடுக்குகளில் மாட்டி மாட்டி நின்றது. லண்டனின் செவன் கிங்ஸில் அந்தத் தெருவில் பாதி வீடுகள் எங்கள் ஆட்களுடையவை. ஒரு யன்னலில் திரை அசைந்ததைப் பார்த்தேன். அண்ணி பார்க்கவில்லை. பாடசாலைச் சமையலறையில் கட்டும் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மேலே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதன் நாடா கோட்டுக்குக் கீழே தொங்கி ஆடியது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நிலையம் வந்துவிட்டது.

அவர் என் அண்ணையின் மனைவி. அமெரிக்காவின் பழங்குடிகளில் ஒன்றான செரோக்கி இனத்தில் பிறந்தவர். ஊர் ஒக்லஹோமா. கிழக்கே இருந்த சொந்த நிலத்திலிருந்து படைகள் துரத்த, நடந்தே அங்கே போய்ச் சேர்ந்தவர்களின் வழி வந்தவர்கள் அவர்கள். அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இளவயதில் லண்டன் வந்தவர், அண்ணை ஓட்டிய பஸ்ஸில் தினமும் ஏறி இறங்கி, கடைசியில் எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார். சொந்தக்காரர்களிடம் அண்ணை அவரை ‘அமெரிக்கன் இந்தியன்’ என்று சொல்லி வைத்திருந்தார். பெரியபிள்ளையான ஒரு பெண்ணின் சாமத்திய வீட்டில் ஒரு மாமி, இந்தியாவில் எந்தப் பக்கம் என்று அண்ணியிடமே கேட்டுவிட்டார். அண்ணி சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்காமலே, “உங்களை மாதிரித்தான் மாமி, முந்தியும் ஒருத்தர் கப்பலில வந்து இறங்கி, இந்தியா எண்டு பிழையா நினைச்சவர். அதில எங்கட காணியெல்லாம் போயிட்டுது” என்றார். மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணைக்குச் சிரிப்பில் புரையேறியது.

அவர்களுடைய வீட்டின் சின்ன அறையில் நான் வந்து தங்கியது, போக வேறு இடம் இல்லாத ஒரு காலத்தில். எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. பள்ளிக்கூடம் முதலில் அகதிகள் தங்கும் இடமாகி, பிறகு இராணுவம் தங்கும் இடமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் போன நாடுகளை வரிசையாகச் சொன்னால் எனக்கே பிழை வரும். இங்கிலாந்துக்குக் கடல் கடக்கக் காத்திருந்து, கலேயில் தார்ப்பாய்க்குக் கீழே ஒரு மாரிகாலம் கிடந்தேன். இங்கே வந்த பிறகு கார் கழுவினேன், கோழிக்கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றேன், டூட்டிங்கில் மரக்கறி மூட்டை இறக்கினேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் நின்றதில்லை. ஏன் விட்டாய் என்று அண்ணை கேட்பார். நான் அடுத்த இடத்தின் விலாசத்தைக் காட்டுவேன்.

அந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் செரோக்கி எழுத்துகள் அச்சிட்ட தாள் ஒன்று ஒட்டியிருந்தது. சில ஆங்கில எழுத்து மாதிரி இருக்கும், சத்தம் வேறு. ஒவ்வொரு எழுத்தும் மெய்யும் உயிருமாகச் சேர்ந்த ஒரு சத்தம் என்று அண்ணி விளக்கத் தொடங்கியதும், அது எங்களுடைய உயிர்மெய் என்று சொன்னேன். இங்கிலாந்துக்காரருக்கு இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போகிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். பள்ளிக்கூடம் போகாத ஒருவர், தன் சனத்துக்கென்று தானே யோசித்து உண்டாக்கிய எழுத்தாம் அது. எனக்கு அந்த ஆளைப் பிடித்துக்கொண்டது. இப்போது கைத்தொலைபேசியிலும் அந்த எழுத்து இருக்கிறது. ஞாயிறு பின்னேரங்களில் அண்ணி சாப்பாட்டு மேசையில் கணினியை வைத்துக்கொண்டு ஒக்லஹோமாவில் நடக்கும் வகுப்பில் சேர்ந்துகொள்வார். திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள் தெரியும். ஒருவர் ஜெர்மனியிலிருந்து, ஒருவர் ஏதோ கப்பலிலிருந்து. எல்லோரும் ஒரே சொல்லை முன்பின்னாகச் சொல்லுவார்கள்.

அண்ணியால் அந்த எழுத்தைக் கூட்டி எதையும் சத்தமாக வாசிக்க முடியும். வாசித்ததில் பாதிக்கு மேல் பொருள் தெரியாது. நான் ஆங்கிலப் பேப்பர் வாசிக்கிற மாதிரி. ஆனால் தமிழ் அவருக்கு நன்றாக வரும். ஊரிலிருந்த எங்கள் அம்மா சாகும்வரை கிழமைக்கு ஒரு தடவை தொலைபேசியில் கதைத்துப் பழகிய தமிழ். செரோக்கி வராததற்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய தாயைச் சின்ன வயதில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே சொந்த மொழி பேசினால் வாயில் சவர்க்காரம் வைப்பார்கள். அந்த ருசி என் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று தாய் அவர்களோடு ஆங்கிலத்திலேயே பேசி வளர்த்துவிட்டார். முதுமையில் அந்தத் தாய்க்கு ஞாபகம் குழம்பியது. கடைசியாகப் படித்த ஆங்கிலம் முதலில் போனது. அண்ணி தொலைபேசி எடுத்தால் மறுமுனையில் செரோக்கி மட்டும் வரும். ஒரு தடவை அதைப் பதிவுசெய்து ஒக்லஹோமாவில் செரோக்கி தெரிந்த தன் மச்சாளுக்கு அனுப்பி, என்ன சொல்கிறார் என்று கேட்டார். ‘இந்தப் பெண் யாருடைய பிள்ளை?’ என்று பக்கத்தில் நின்றவரிடம் கேட்கிறாராம்.

அந்த நேரத்தில்தான் அவர்களுடைய ஊரிலிருந்து ஒரு வேலை கிடைத்தது. வேலை என்னவென்றால் மொழி படிப்பது. இரண்டு வருடம், காலையிலிருந்து பின்னேரம் வரை, அந்த மொழியோடு பிறந்து வளர்ந்த வயதானவர்களுடன் உட்கார்ந்து அதிலேயே பேச வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுப்பார்கள். படித்து முடித்த பிறகு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படிப் பேசத் தெரிந்தவர்கள் போய்க்கொண்டே இருப்பதால் அவசரமாம். அண்ணிக்கு இடம் கிடைத்துவிட்டது. தாய் இருந்த பராமரிப்பு இல்லமும் பக்கத்தில்தான்.

“பாசை படிக்கச் சம்பளமோ? எங்களுக்குப் பாசைக்காக அடிதான் விழுந்தது” என்றார் அண்ணை.

“எங்களுக்கும் அதுதான் விழுந்தது. இப்பதான் சம்பளம் தருகினம்” என்றார் அண்ணி.

முதலில் இருவரும் சிரித்துக்கொண்டுதான் கதைத்தார்கள். பயணச்சீட்டு வாங்கிய பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு வருடம் என்று போனவர்கள் யார் திரும்பி வந்திருக்கிறார்கள் என்று அண்ணை கேட்டார். அவரே அம்மாவிடம் இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டவர். அம்மாவைப் பிறகு அவர் பார்க்கவில்லை. அண்ணியைப் போகவேண்டாம் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை. விமானம் சனிக்கிழமை காலை. வியாழன் பின்னேரம் அண்ணி அவரிடம், விமான நிலையத்துக்கு வருவீர்களா என்று கேட்டார். அண்ணை தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். அப்போது அண்ணி சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. “உங்கட அம்மாவோட கதைக்க உங்கட பாசை படிச்சன். என்ர அம்மாவோட கதைக்க எனக்குப் பாசை இல்லை. இதில உங்களுக்கு என்ன விளங்கேல்ல?”

வெள்ளிக்கிழமை நான் எழும்பிக் கதவைத் திறந்தபோது, அண்ணி கட்டி வைத்திருந்த பெட்டி வெளியே வாசற்படியில் இருந்தது. அண்ணி முதலிலும் அண்ணை பிறகும் வேலைக்குப் போய்விட்டார்கள். அண்ணைதான் வைத்திருக்க வேண்டும். எனக்கு உடனே அம்மா ஞாபகம் வந்தது. நாங்கள் கொழும்புக்குப் போகும்போது, புறப்படும் நேரம் ராகுகாலமாக இருந்தால், முதல் நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு பையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவார். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. வைத்ததைத் திரும்ப உள்ளே எடுக்கக் கூடாது. சனிக்கிழமை விமானம் ராகுகாலத்தில்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஒரு போலந்துக்காரர், அவரிடம் பெட்டியைக் கொடுத்தால் பொலிசைக் கூப்பிடுவார். அதனால் அண்ணை படியில் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். தூறத் தொடங்கியதும், நனையாமல் இருக்க ஒரு கறுப்புக் குப்பைப் பையால் அதை மூடிவிட்டேன்.

பிறகுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அண்ணி ஒரு நாள் பயறும் சோளமாவும் பிசைந்து, சோள மடலில் சுற்றி அவிக்கும் அவர்களுடைய ரொட்டியைச் செய்திருந்தார். அதில் உப்புப் போடக்கூடாதாம். உப்பில்லாமல் இது என்ன சாப்பாடு என்று அண்ணை திரும்பத் திரும்பச் சொல்ல, அண்ணி அகப்பையை நீட்டிச் சொன்னார்: எங்கட ஆக்களில் வீடு பெண்ணுடையது, புருஷன் சரியில்லாவிட்டால் அவனுடைய சாமானைக் கதவுக்கு வெளியே வைத்தால் போதும், கலியாணம் முடிந்தது, வழக்கறிஞர் தேவையில்லை. அண்ணை விடவில்லை. “யாழ்ப்பாணத்திலயும் வீடு பொம்பிளையின்ரதான். ஆனா நாங்கள் வெளியில வைக்கிறேல்ல, உள்ளுக்க வைச்சே வதைக்கிறது” என்றார். அன்று அந்த ரொட்டியை நாங்கள் சம்பலோடு தின்று முடித்தோம்.

ஆக, வாசலில் வைத்த சாமானுக்கு அண்ணியிடம் என்ன பொருள் என்று அண்ணைக்குத் தெரியும். எங்கள் முறையும் தெரியும். அவர் எதை நினைத்து வைத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசி எடுத்தேன். பஸ் ஓட்டும்போது அவர் அதை நிறுத்தி வைத்திருப்பார். பெட்டியை உள்ளே எடுத்தால் ஒரு முறைக்குப் பிழை, வெளியே விட்டால் மற்ற முறைக்குப் பிழை. நான் உள்ளே போய்த் தேநீர் போட்டேன், குடிக்கவில்லை.

அண்ணி அன்று கடைசி நாள் வேலை முடித்து வந்தார். படியில் நின்றார். குப்பைப் பையைத் தூக்கிப் பார்த்தார். “எங்கட முறையில நானெல்லோ இதைச் செய்யிறது” என்றார் மெதுவாக. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அது பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எங்கேயோ போய் முட்டியது. அவர் உள்ளே வந்து கடவுச்சீட்டை எடுத்தார், கோட்டைப் போட்டார், நடக்கத் தொடங்கினார். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கேயாவது அறை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்குச் செய்யத் தோன்றியது பெட்டியைப் பிடித்துக்கொள்வது மட்டும்தான்.

ரயில் மேடையில் வாங்கில் உட்கார்ந்த பிறகு முழுவதையும் ஒழுங்காகச் சொன்னேன். அம்மா, கொழும்பு, பக்கத்து வீடு, ராகுகாலம் எல்லாம். அண்ணி குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரு ரயில் வந்து நின்று போனது.

“அவருக்கு எங்கட முறையும் தெரியும்தானே?” என்றார்.

“ஓம் அண்ணி.”

“அப்ப ஏன் வைச்சவர்?”

“தெரியாது அண்ணி.”

பொய் சொல்லியிருக்கலாம் என்று பலர் பிறகு சொன்னார்கள். எனக்கு அந்த நேரம் எது பொய் என்றே தெரியவில்லை. அடுத்த ரயில் வந்தபோது அவர் எழும்பிப் பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார். “தம்பி, நீ எங்கயும் ஓடிப்போகாத. அவர் தனிய இருந்தா அடுப்பு மூட்டமாட்டார்” என்றார். திங்கட்கிழமை கார்டிஃப் போவதற்கு நான் ஒரு ஆளிடம் சொல்லி வைத்திருந்தேன். அங்கே ஒரு பொதியிடும் ஆலையில் ஆட்கள் எடுத்தார்கள். ரயில் கதவு மூடிவிட்டது.

பின்னேரம் அண்ணை வந்தார். வெறும் படியைப் பார்த்தார்.

“எத்தினை மணிக்கு எடுத்தவ?”

சொன்னேன். அவர் சப்பாத்தோடு உள்ளே போய், கடையில் கொடுத்த தமிழ் நாட்காட்டிக்கு முன்னால் நின்றார். நேரம் பார்த்தாரா, சும்மா நின்றாரா என்று எனக்குத் தெரியாது. அண்ணி எப்படிப் போனார் என்று நான் சொன்னதும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். சீருடையின் மேல் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டினார்.

“வைக்கேக்க நல்ல நேரத்துக்குத்தான் வைச்சனான்” என்றார். “வைச்சிட்டுத் திரும்பிப் பாக்க, மற்ற மாதிரியும் இருந்தது. எடுப்பம் எண்டு நினைச்சன். கை வரேல்ல.”

பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போனார். கண்ணாடிக் கதவால் பார்த்தேன். காதில் வைப்பார், எடுப்பார், திரும்ப வைப்பார். மறுநாள் விடியுமுன் வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அன்று அவருக்கு வேலை நாள், ஆனால் சீருடை கொளுவியிலேயே தொங்கியது. ஹீத்ரோவில் அண்ணியைக் கண்டாரா, கண்டிருந்தால் என்ன கதைத்தார்கள் என்று இருவருமே சொன்னதில்லை. அண்ணி இப்போது அங்கே இரண்டாவது வருடம். அனுப்பும் குரல் செய்திகளில் தமிழ் கொஞ்சம் தடுமாறத் தொடங்கியிருக்கிறது. ஒரு மொழி உள்ளே வர மற்றது தள்ளி உட்காருகிறது என்று அவரே சொல்கிறார். அண்ணை அதைக் கேட்டுச் சிரிக்கிறாரா, பயப்படுகிறாரா என்று முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடிவதில்லை. போன மாதம் தாய் திரும்பவும், இந்தப் பெண் யாருடைய பிள்ளை என்று கேட்டாராம். இந்த முறை அண்ணி அந்த மொழியிலேயே பதில் சொன்னாராம். தாய் சரி என்று தலையாட்டிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டாராம். அண்ணி மறுபடியும் சொன்னாராம்.

அண்ணி பறந்த அந்தச் சனிக்கிழமை காலை வெறும் வீட்டில் இருக்க முடியாமல் நான் வெளியே இறங்கி நடந்தேன். பிரதான வீதியில் ஒரு மீன்கடைக்காரர் தனி ஆளாக ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தார். மன்னார்க்காரர், பெரிய உடம்பு. வேலை இருக்கிறதா என்று கேட்டேன். மீன் வெட்டத் தெரியுமா என்று ஒரு அறக்குளா மீனை எடுத்துப் போட்டார். வெட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “எவ்வளவு காலம் நிப்பாய்? உன்னை மாதிரி ஆக்கள் சம்பளத்துக்கு அடுத்த நாள் கார்டிஃப் எண்டும் கிளாஸ்கோ எண்டும் போயிடுவினம்” என்றார்.

“ரெண்டு வருசம்” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே கேட்டது. அவர் கத்தியை வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “கலியாணத்துக்கும் ஒருத்தரும் இப்பிடி நாள் சொல்லுறேல்லையடா” என்றார். ஓடுகிற ஆட்களுக்கு அவர் பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதில்லையாம், சொந்தச் சப்பாத்தோடு தண்ணிக்குள் நிற்கட்டும் என்று விட்டுவிடுவாராம். பிறகு குனிந்து என் காலைப் பார்த்து, என்ன சைஸ் என்று கேட்டார். நான் ஒரு சப்பாத்தைக் கழற்றி, திருப்பி அடியைப் பார்த்தேன்.