புருசன் வீட்டுக்கு விருந்தாளி

கட்டின புருசனைப் பார்க்கப் போவதற்கு, முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் நின்று, ‘நான் அங்கே தங்கமாட்டேன், கட்டாயம் திரும்பி வந்துவிடுவேன்’ என்று ஒரு பெண் சத்தியம் பண்ண வேண்டும். இப்படி ஒரு கேவலத்தை என் ஆயுசில் நான் கேள்விப்பட்டதில்லை. நசிமாவுக்கு நடந்தபோதுதான் கேள்விப்பட்டேன்.

எனக்கு எழுதத் தெரியாது, சொல்லத் தெரியும். ஆசியா பீவி மனசு புண்படும் என்று இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் மெழுகக் கூடாது. அவள் மனசு புண்படட்டும்.

விருதுநகரில் எங்கள் வீட்டுக்கும் நசிமா வீட்டுக்கும் ஒரே சுவர். அவள் அத்தா ஜெய்லானி மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் எடை போடுகிறவர். சாயங்காலம் அவர் தெருவுக்குள் நுழைந்தால் முதலில் அவர் சட்டை நெடி வரும், பிறகு நாலு வீட்டுத் தும்மல் கேட்கும், அப்புறம்தான் ஆள் தெரிவார். அந்த நெடியில் வளர்ந்த பெண் நசிமா. கண் எரிந்தாலும் கசக்கமாட்டாள். காலேஜ் முடித்துவிட்டுச் சிவகாசியில் ஒரு அச்சாபீசில் பட்டாசு லேபிளுக்குக் கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலைக்குப் போனாள். தினமும் பஸ்ஸில் போய், பஸ்ஸில் வருவாள். பட்டாசுப் பெட்டி மேல் இருக்கிற மயில், கிளி எல்லாம் அவள் கை வைத்ததுதான் என்று ஜெய்லானி தெருவெல்லாம் சொல்லித் திரிவார்.

இரண்டாயிரத்து இரண்டில் அவளைச் சிவகாசியில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை சாபிர். அமெரிக்காவில், என் வாயில் நுழையாத பெயருள்ள ஒரு குளிர் ஊரில், அவன் சின்னம்மா குடும்பத்தோடு இருந்து வேலை பார்க்கிறவன். கிரீன் கார்டு இருக்கிறது என்று அவன் தாய் ஆசியா பீவி அதை ஒரு நகை மாதிரிச் சொல்லிக் காட்டினாள். நிக்காஹ் முடிந்ததும் ரெண்டு மாசத்தில் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்றாள். மாப்பிள்ளை ஒரு மாசம் இருந்தான், போனான்; நசிமா மறுபடி அத்தா வீட்டோடு வந்துவிட்டாள். போன பிறகுதான் சங்கதி வெளியே வந்தது. அந்தக் கார்டுக்காரன் பெண்டாட்டிக்கு எழுதிப்போட்டால் வரிசை வரும்போதுதான் குடியேறுகிற விசா கொடுப்பார்களாம். அந்த வரிசை வருசக் கணக்கில் நீளுமாம். இது ஆசியா பீவிக்குத் தெரியாதா? தன் தங்கச்சியை அவள் புருசன் அங்கே கூப்பிட்டுக்கொள்ள எத்தனை வருசம் பிடித்தது என்று அவளே வேறொரு கல்யாண வீட்டில் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். தெரிந்தே மறைத்தாள். அங்கே ஆரம்பித்தது என் குமட்டல்.

வரிசை வரும்வரை பெண் என்ன செய்வாள்? விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற விசா ஒன்று இருக்கிறது, அதைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள். மதுரையில் ஒரு புரோக்கரிடம் ஜெய்லானி கூட்டிப் போனார். நானும் போனேன். அவன் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, கல்யாணம் ஆனதைச் சொன்னால் கொடுக்கமாட்டான், நிக்காஹில் கட்டின கருகமணியைக் கழற்றிவிட்டு, சின்னம்மாவைப் பார்க்கப் போகிற குமரி என்று சொல்லச் சொன்னான். ஜெய்லானி தலையைத் தொங்கப்போட்டார். நசிமா எழுந்துவிட்டாள்.

“கருகமணியைக் கழத்திட்டு நான் யாரைப் பார்க்கப் போறேன்?” என்றாள். “எந்திரிங்கத்தா.”

அவளே மெட்ராசுக்குப் போனாள். அமெரிக்கத் தூதராபீஸ் நடைபாதையில் வெயிலில் வரிசை. முதல் தடவை, புருசன் அங்கே இருக்கிறான், நீ திரும்பமாட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள். மறுவருசம் அச்சாபீசில் லீவு கொடுத்ததற்குக் கடிதம் வாங்கிக்கொண்டு மறுபடியும் போனாள். திரும்பி வருவாய் என்று எப்படி நம்புவது என்று கேட்டிருக்கிறார்கள். எனக்காகப் போட்டிருக்கிற மனு வரிசையில் நிற்கிறது, களவாகத் தங்கினால் அது பாழாகும், என் பிழைப்பை நானே பாழாக்குவேனா என்று சொல்லியிருக்கிறாள். கேட்ட ஆபீசர் அம்மாள் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சரி போய் வா என்று கொடுத்துவிட்டாளாம். உள்ளதைச் சொல்லி வாங்கிய விசா அது. அவள் வந்து சொன்ன அன்று ஜெய்லானி எங்கள் வீட்டுக்கே வந்து சீனி கொடுத்தார். சீனியிலும் வத்தல் நெடி.

இத்தோடு விட்டிருந்தால் அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். ஆசியா பீவி விடவில்லை. புறப்படுவதற்கு முந்தின நாள் சிவகாசியிலிருந்து வேனில் இரண்டு பெரிய பெட்டிகளோடு வந்து இறங்கினாள். கல்யாணத்துக்கு ஜெய்லானி கொடுத்த சீரெல்லாம் அதுவரை அவள் வீட்டுப் பரணில் கிடந்தது. புருசன் குடியிருக்கிற வீட்டுக்குப் பெண் முதல்முதலாகக் காலெடுத்து வைக்கும்போது சீர் கூடப் போக வேண்டும், சொந்தக்காரர்கள் முன்னால் அதை விரித்து வைக்க வேண்டும். அது எங்களுக்குள் வழக்கம். ஆசியா பீவிக்கு வழக்கத்தைவிடப் பெரிய கவலை, அங்கே அவள் தங்கச்சி வீட்டார் பார்க்க வேண்டும் என்பது.

பெட்டியைத் திறந்தார்கள். மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் சேர்த்து நெய்த பத்தமடைப் பட்டுப்பாய். மெத்தை விரிப்பு, தலையணை உறை, வெங்கலப் பானை, தாம்பாளம், பன்னீர்ச் செம்பு. அதற்கும் அடியில் ஆசியா பீவியே தன் பங்குக்கு வாங்கி வைத்த தொட்டில் கொக்கியும், பிறக்காத பிள்ளைக்கு வெள்ளி அரைஞாணும்.

ரெண்டு மாசத்துக்குத்தானே போகிறேன், இவ்வளவும் எதற்கு என்று நசிமா கேட்டாள்.

“இது சீரு தாயி. சீருக்கு ரெண்டு மாசம் என்ன, ரெண்டு வருசம் என்ன? வெறுங்கையை வீசிட்டுப் போயி நின்னா என் தங்கச்சி மூஞ்சியில நான் எப்படி முழிக்க?” என்றாள் ஆசியா பீவி.

ஜெய்லானிக்கும் உள்ளுக்குள் பெருமை. எடை போட்டுப் போட்டு வளைந்த முதுகோடு அவர் வாங்கிக் கொடுத்தது கடல் தாண்டிப் போகிறதே. எங்களில் ஒருவருக்கும் அதில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் சீர் இல்லாமல் போனால்தான் ஏன் என்று கேட்பார்கள். சீரோடு போனால் கேட்பார்கள் என்று யார் கண்டது?

அங்கே ஏர்போர்ட்டில் இறங்கியதும் நசிமாவை ஓரமாகக் கூப்பிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லிவிட்டார்கள். கையுறை போட்ட ஒருத்தி பாயை மேசை மேல் விரித்தாளாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். என் பெயரும் என் வீட்டுக்காரர் பெயரும் என்றாள் இவள். அந்தக் கையுறைக்காரி தலையணை உறையை உதறினாள். பானையைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் தொட்டில் கொக்கியைக் கையில் தூக்கி, ரெண்டு மாசம் விருந்துக்கு வந்தவளுக்கு இது எதற்கு என்றாள். இது சீர் என்றாள் நசிமா. சீர் என்றால்? போனில் தமிழ் பேசுகிற ஒருவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். நசிமாவுக்குப் பொய் வராது. புதுப்பெண் புருசன் வீட்டுக்குக் குடிபோகும்போது கொண்டுபோகிற சாமான் என்று அவரிடம் சொன்னாள். அவர் அதை அப்படியே அந்தப் பாஷையில் சொன்னார்.

அவ்வளவுதான். குடிபோக வந்தவளுக்கு விருந்தாளி விசா செல்லாது என்றுவிட்டார்கள். பொய் சொல்லியிருந்தால் வெளியே விட்டிருப்பார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் சாபிர் இவளுக்காக ஒரு குளிர்ச்சட்டை வாங்கி வைத்துக்கொண்டு நின்றானாம். ஒரு தரம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். அதற்கும் விடவில்லை. வந்த வழியே விமானம் ஏற்றிவிட்டார்கள்.

ஜெய்லானி மதுரைக்குப் போய்க் கூட்டி வந்தார். பெண் வாசலில் வந்து இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதற்குள் ஆசியா பீவி வந்துவிட்டாள். வந்தவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

“பாய் மடங்கிருச்சா?”

 

பிறகு தெரு வந்தது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் மாதிரி வந்து, வாயில் தேனும் கண்ணில் அழுக்குமாக உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையே வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டானாம் என்று வெளியே போய்ச் சொன்னார்கள். ஒருத்தி என் காதுபடவே, “போன வேகத்துலயே வந்துட்டாளே, கொமட்டலு கிமட்டலு உண்டுமா?” என்று கேட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் உண்டு, ஒங்களைப் பார்த்து, என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. நல்லது.

பெட்டியைத் திணித்தவள் ஆசியா பீவி. அவளே, பெண் அங்கே போய் வாயைக் கட்டாமல் உளறிவிட்டாள் என்று சிவகாசி முழுக்கச் சொன்னாள். நசிமாவோ மறுவாரமே பஸ் ஏறி அச்சாபீசுக்குப் போய்விட்டாள்.

ஒரு வருசம் ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆசியா பீவி, தன் அண்ணனையும் அழைத்துக்கொண்டு அல்வாப் பொட்டலத்தோடு வந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னை நசிமாதான் கூப்பிட்டாள். சுற்றி வளைத்துப் பேசி விஷயத்துக்கு வந்தார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த பெண் ஒன்று இருக்கிறதாம். தங்கச்சி வீட்டு வகையில் சொந்தமாம். அவளைக் கட்டினால் வரிசையும் இல்லை, விசாவும் இல்லை.

“நம்ம ரெண்டு பிள்ளைகளுக்கும் வயசு ஏறிக்கிட்டே போகுது. நசிமா ஒரு வார்த்தை குலா கேட்டுட்டா எல்லாம் கவுரவமா முடிஞ்சிரும்” என்றாள் ஆசியா பீவி.

குலா என்றால் பெண்ணே கேட்டு வாங்கிக்கொள்கிற விலக்கு. அவள் மகன் தலாக் சொன்னால் பழி மகன் மேல். இவள் கேட்டால் பழி இவள் மேல். அல்வாவை நீட்டிக்கொண்டே அதைக் கேட்கிறாள்.  நான் அல்வாவைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டு வந்தேன்.

நசிமா செல்போனை எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்துச் சாபிரைக் கூப்பிட்டாள். அம்மா வந்து இப்படிக் கேட்கிறார்கள், உங்களுக்குத் தெரியுமா என்றாள். அவன் தெரியாது என்று சொல்லவில்லை. 

“அம்மா சொல்றதையும் யோசிச்சுப் பாரு நசிமா. நான் என்ன செய்ய? விசா என் கையிலயா இருக்கு?”

“எனக்குத்தான விசா வேணும்? நீங்க விருதுநகருக்கு வர எந்த விசா வேணும் மச்சான்?”

நசிமா விடவில்லை.

“கல்யாணம் முடிஞ்சு போனவுக. இம்புட்டு நாளும் வெயில்ல வரிசை நின்னது நானு. பெட்டியத் தெறந்து காட்டி அசிங்கப்பட்டது நானு. ஒரு டிக்கெட் எடுத்து ஒரு தரம் நீங்க வந்தீகளா?”

லீவு தரமாட்டேன் என்கிறார்கள் என்று அவன் இழுத்தான்.

“குலாதான வேணும்? இங்கன வந்து, என் மூஞ்சியப் பார்த்து, நீங்களே கேளுங்க. கேட்ட அன்னிக்கே குலா எழுதித் தாரேன். ஆள் விட்டுக் கேட்டா தரமாட்டேன்.”

போனை வைத்துவிட்டாள். ஆசியா பீவியின் அண்ணன் முதலில் எழுந்தார். பெரியவராவது கொஞ்சம் வெட்கப்பட்டார்.

அவள் சொன்னதுதான் என் மண்டையில் உளியாய் இறங்கியது. ஊர், உறவு, புரோக்கர், நான் எல்லோருமே இந்தப் பெண்ணை எப்படி அங்கே அனுப்புவது என்றுதான் பார்த்தோம். அவன் ஏன் வரவில்லை என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்த வருசம் தீபாவளிக்கு முந்தின சீசனில் சாபிர் வந்தான். அச்சாபீசில் லேபிள் ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். நசிமா லீவு போடவில்லை. அவன் சிவகாசியில் தாய் வீட்டில் பையை வைத்துவிட்டு, அச்சாபீஸ் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறான். இவள் வெளியே வந்து பார்த்தாள். வேலை முடிய சாயங்காலம் ஆகும், உட்காருங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். லோடு ஏற்றுகிறவர்களோடு பெஞ்சில், பேப்பர் தூசியில், சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். இதை நசிமா சொல்லவில்லை. அவனே சொன்னான். பிறகு அவள் ஏறின பஸ்ஸில் தானும் ஏறி, கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே விருதுநகர் வந்தான்.

நான் அவனை வாங்க என்று கேட்கவில்லை. ஜெய்லானி கேட்டார். அவர் சட்டை நெடியில் மாப்பிள்ளை தும்மினான். சோறு போட்டார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு அவன் மெதுவாக ஆரம்பித்தான். குலாவைப் பற்றி இல்லை. மறுபடியும் விருந்தாளி விசா கேட்டுப் பார்க்கலாம், இந்தத் தடவை வக்கீல் வைத்துச் செய்யலாம், பெட்டியே இல்லாமல் வரலாம் என்றான்.

நசிமா தட்டை எடுத்தபடியே நின்றாள்.

“நான் இனிமே ஒங்க வீட்டுக்கு விருந்தாளியா வரமாட்டேன் மச்சான். பொண்டாட்டினு வரிசை வாற அன்னிக்கு வாரேன். அதுவரைக்கும் நீங்க வாங்க. வருசத்துக்கு ஒருக்கா வாங்க. இல்ல, குலாவக் கேளுங்க, இப்பவே எழுதித் தாரேன்.”

அவனை நல்லவன் என்று சொல்ல நான் இன்றைக்கும் தயாராக இல்லை. தாய் பேச்சுக்கும் பெண்டாட்டி பேச்சுக்கும் நடுவில் வெளுத்துப்போய் நின்ற ஆள் அவன். ஆனால் அன்றைக்கு அவன் குலா கேட்கவில்லை. காலையில் அவளோடு அச்சாபீசுக்குப் போக எத்தனை மணி பஸ் என்று கேட்டான்.