லாக் அவுட் கேட்ட அக்கா

கடவுச்சொற்களைப் பத்திரப்படுத்தும் இலவச மென்பொருள் ஒன்றுக்கு, முகம் தெரியாத பலரோடு சேர்ந்து நானும் நிரல் எழுதுகிறேன். அன்று காலை எழுதியதை எல்லோரும் பார்க்கும் தளத்தில் ஏற்றிவிட்டுப் பஸ் பிடித்தேன். பாதி வழியில்தான் உறைத்தது. கிடைத்தவர் யாரானாலும் என் பெயரில் உள்ளே நுழைந்து எதையும் மாற்றிவிடக்கூடிய ரகசியச் சாவியையும் சேர்த்தே ஏற்றியிருக்கிறேன்! கைபேசியில் நெட் இல்லை. ஆவுடையார்கோவிலில் இறங்கி, கண்ணில் பட்ட கம்ப்யூட்டர் சென்டருக்குள் ஓடினேன்.

கொண்டையில் பேனா செருகிய ஓர் அக்கா பட்டா விண்ணப்பம் அடித்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்வேர்டு போடுங்க சார், நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன்" என்று நாற்காலியோடு சுவர்ப் பக்கம் திரும்பினார். யார் வந்தாலும் அப்படித்தானாம்.

சாவியைச் செல்லாததாக்கினேன். அதை வைத்து யாரும் நுழைந்திருக்கவில்லை. போன உயிர் திரும்பி வந்தது. பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"லாக் அவுட் பண்ணிட்டீங்களா?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

பண்ணவில்லை. அசடு வழியத் திரும்பினேன்.

"அவசரத்துல எல்லாரும் மறக்குறதுதான். ஒக்காருங்க."

இப்போது எங்கள் மென்பொருளும் மூடும்முன் 'லாக் அவுட் பண்ணிட்டீங்களா?' என்று கேட்கிறது. யோசனை தந்தவர் பெயரை நன்றிப் பட்டியலில் போடுவது எங்கள் வழக்கம். நானோ அவர் பெயரைக் கேட்காமலே வந்திருந்தேன். 'ஆவுடையார்கோவில் அக்கா' என்று போட்டேன்.